வியர்வை எத்தனை கிலோ? பளுதூக்கும் மாணவர்களுக்குத் திட்டமிட்ட செயல்சார் பயிற்சி



புறப்பாட நேரத்தில் "ஃபங்ஷனல் ஃபிட்னஸ்" நடத்தித் தாருங்கள் என்று உங்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். டயரைப் புரட்டுவது, தடித்த கயிற்றை ஆட்டுவது, பெட்டி மேல் குதிப்பது, அரை மணி நேரத்தில் சட்டை நனைந்து போவது. மாணவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பார்ப்பவர்களுக்கும் பயிற்சி மும்முரமாக நடப்பதுபோல் தோன்றும். ஆனால் உங்கள் பள்ளியில் நாலைந்து பேர் பளுதூக்கும் போட்டிக்குத் தயாராகிறார்கள் என்றால் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். இந்த வியர்வையெல்லாம் கம்பியில் எத்தனை கிலோவாக மாறுகிறது?

பல இடங்களில் ஒரு கிலோகூட மாறுவதில்லை. பயிற்சியின் வகையில் பெரிய குறை இல்லை. அதற்கு ஒரு வரிசையும் கணக்கும் இல்லாததுதான் காரணம். செயல்சார் பயிற்சி என்பது குந்துதல், இழுத்தல், தள்ளுதல், சுமந்து நடத்தல், படியேறுதல் போன்ற அன்றாட அசைவுகளையே எடை சேர்த்துப் பழகுவது. பளுதூக்குதலுக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாமே அதில் இருக்கின்றன. எதை, எப்போது, எவ்வளவு என்பதுதான் விஷயம்.

முதலில் விளையாட்டைப் பார்ப்போம். ஒலிம்பிக் பளுதூக்குதலில் இப்போது இரண்டே வகைதான். ஸ்னாட்ச் என்பது தரையில் கிடக்கும் கம்பியை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது. கிளீன் அண்ட் ஜெர்க் என்பது முதலில் தோளுக்கு, பிறகு தோளிலிருந்து தலைக்கு மேல், இரண்டு கட்டமாக. முன்பு பிரஸ் என்ற மூன்றாவது வகையும் இருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அதை எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த டான் ஹாவ் லியாங் 1960-இல் ரோமில் தூக்கிய 380 கிலோ, மூன்று வகையையும் சேர்த்த மொத்தம். இன்றைய எண்களோடு அதை ஒப்பிட்டு மாணவர்களைக் குழப்பிவிடாதீர்கள்.

ஒவ்வொரு வகைக்கும் மூன்று முயற்சி. ஆண்களின் கம்பி 20 கிலோ, பெண்களின் கம்பி 15 கிலோ. பெண்கள் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2000 சிட்னியில்தான். அதே சிட்னியில் இந்தியாவின் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார்.

பார்க்கிறவர்களுக்குக் கையால் தூக்குவதுபோல் இருக்கும். உண்மையில் கம்பியை மேலே அனுப்புவது காலும் இடுப்பும்தான். முழங்கால், இடுப்பு, கணுக்கால் மூன்றும் ஒரே நேரத்தில் சுண்டி நிமிர்கின்றன. கம்பி வயிற்றுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தை எட்டும்போது வீரர் தன் உடலைக் கீழே இறக்கி அதன் அடியில் புகுந்துவிடுகிறார். பிறகு முழுக் குந்தலிலிருந்து எழுந்திருக்க வேண்டும். தோப்புக்கரணம் போட்ட தலைமுறை நாம். குந்தி எழுவதற்கு எவ்வளவு தொடை வலிமை வேணும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. தண்டனையாகக் கொடுத்ததால் அதன் அருமை தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

கால் வலிமை எவ்வளவு தூரம் முடிவை மாற்றும் என்பதற்கு நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி, 55 கிலோ பிரிவு. ஸ்னாட்ச் முடிந்தபோது இந்தியாவின் சங்கேத் சர்கர் 113 கிலோ, நம் அனிக் கஸ்டான் 107 கிலோ. ஆறு கிலோ பின்தங்கல். இந்த விளையாட்டில் ஆறு கிலோ என்பது சின்ன இடைவெளி இல்லை. ஆனால் கிளீன் அண்ட் ஜெர்க்கில் சங்கேத் 135-ஓடு நின்றுவிட்டார். 139 கிலோவைத் தூக்கப்போய் முழங்கையில் அடிபட்டது. அனிக் 142 கிலோ தூக்கினார். மொத்தம் 249-க்கு 248. ஒரே ஒரு கிலோவில் தங்கம் மலேசியாவுக்கு.

மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் பாதியை மட்டும் சொல்வதில்லை. அனிக்கின் வெற்றியும் அதில் இருக்கிறது, சங்கேத்தின் முழங்கையும் இருக்கிறது. இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் ஒரு பள்ளிக் குழுவுக்குத் திட்டம் போட வேண்டும்.

கணித ஆசிரியர்களுக்குப் பிடித்த பகுதி இது. ஒரு மாணவரின் ஸ்னாட்ச் எடையை அவருடைய கிளீன் அண்ட் ஜெர்க் எடையால் வகுத்துப் பாருங்கள். பொதுவாக 80 முதல் 85 விழுக்காட்டுக்குள் வரும். வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவில் 149, 179 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்ட்டில் 144, 173 தூக்கி மறுபடியும் தங்கம். வகுத்துப் பார்த்தால் இரண்டு முறையும் 83 விழுக்காடு. நாலு வருட இடைவெளியில்கூட விகிதம் அசையவில்லை. அனிக்கின் 107-க்கு 142 என்பது 75 விழுக்காடு. 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற மீராபாய் சானுவின் 87-க்கு 115-உம் ஏறக்குறைய 76 தான். ஆக விகிதம் குறைந்தால் வீரர் மோசம் என்று அர்த்தமில்லை. எந்தப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது என்று அது காட்டுகிறது. விகிதம் தாழ்ந்திருந்தால் ஸ்னாட்ச் நுட்பத்தையோ தோள், கணுக்கால் நெகிழ்வையோ பாருங்கள். 90-ஐத் தொட்டுவிட்டால் பெரும்பாலும் கால் வலிமையோ ஜெர்க்கோ பின்தங்கியிருக்கும்.

இரண்டாவது கணக்கு இன்னும் எளிது. கம்பியை முன்தோளில் வைத்துக் குந்தி எழுவதை ஃபிரன்ட் ஸ்குவாட் என்கிறோம். அதில் ஒரு மாணவரால் எழ முடிந்த எடை, அவர் கிளீன் செய்யும் எடையைவிடத் தாராளமாகக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டும் நெருங்கி நின்றால் கிளீன் முடிந்து எழும்போதே சக்தி தீர்ந்துவிடும். ஜெர்க்குக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

எங்கள் குழுவில் படிவம் மூன்று மாணவி ஒருத்தி ஐந்து மாதமாக 45 கிலோவில் நின்றிருந்தாள். வாரம் நாலு நாள் பயிற்சி. அதோடு பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்தில் வாரம் இரண்டு நாள் சர்க்கிட் வகுப்பு வேறு. உழைப்பில் ஒரு குறையும் இல்லை. "எனக்கு வராது சார், நான் ஓட்டத்துக்கே போயிடுறேன்" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். வீட்டில் அப்பாவுக்கும் இஷ்டமில்லை. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது, உயரமா வளராதே என்ற கவலை. ஃபிரன்ட் ஸ்குவாட்டைச் சோதித்தோம். மூன்று முறை ஒழுங்காக எழக்கூடிய எடையிலிருந்து கணக்கிட்டால் உச்சம் சுமார் 50 கிலோ. 45 கிலோ கிளீன் செய்கிற பிள்ளைக்கு வெறும் 50. கதை புரிந்துவிட்டது.

என்ன செய்தோம் என்பதை முழுசாக எழுதுகிறேன், ஏனென்றால் இதை அப்படியே எந்தப் பள்ளியிலும் செய்யலாம். பயிற்சியை மூன்று நாளாகக் குறைத்தோம்: திங்கள், புதன், சனி. சர்க்கிட் வகுப்பை நிறுத்தினோம். திங்களும் சனியும் ஃபிரன்ட் ஸ்குவாட். முதல் வாரம் 35 கிலோ, அதாவது உச்சத்தில் 70 விழுக்காடு. ஐந்து முறை வீதம் நாலு சுற்று. இரண்டாம் வாரம் 37.5 கிலோ; நாலு முறை வீதம் நாலு சுற்று. மூன்றாம் வாரம் 40 கிலோ; மூன்று முறை வீதம் ஐந்து சுற்று. நாலாம் வாரம் 30 கிலோவுக்கு இறங்கி, மூன்று முறை வீதம் மூன்றே சுற்று. அந்த நாலாம் வாரத்தை யாரும் வெட்டிவிடக் கூடாது. உடம்பு வலிமையைச் சேர்த்துக்கொள்வது ஓய்வில்தான். அடுத்த நாலு வாரம் 37.5-இல் தொடங்கியது, அதற்கடுத்த நாலு வாரம் 40-இல்.

எண்களை நான் கற்பனையில் போடவில்லை. பிரிலேப்பின் என்ற சோவியத் பயிற்றுநர் தம் வீரர்களின் பயிற்சிப் பதிவுகளை ஆராய்ந்து ஓர் அட்டவணை தந்திருக்கிறார். உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள். 70 முதல் 80 விழுக்காடு எடையில் ஒரு நாளைக்கு மொத்தம் 18 தூக்கல் பொருத்தம், 12-க்குக் கீழும் 24-க்கு மேலும் வேண்டாம். 80 முதல் 90 விழுக்காட்டில் 15 பொருத்தம், 10 முதல் 20 வரை எல்லை. ஒரு சுற்றில் 70-களில் மூன்று முதல் ஆறு, 80-களில் இரண்டு முதல் நாலு. அது தேர்ந்த வீரர்களுக்கானது. நம் பிள்ளைகளுக்கு முதல் சில மாதம் கீழ் எல்லையை ஒட்டியே வையுங்கள். ஓரளவு பழகியவர்களுக்கு மட்டும் பொருத்தமான எண்ணுக்குப் போகலாம்.

ஒரு நாள் பயிற்சியின் உள்வரிசைதான் பலர் தவறவிடும் இடம். முதல் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குவது: கணுக்கால், மணிக்கட்டு, மேல்முதுகு, பிறகு வெறும் பிவிசி குழாயைத் தலைக்கு மேல் பிடித்துக் குந்துதல். அடுத்தது ஸ்னாட்ச் அல்லது கிளீன் அண்ட் ஜெர்க், லேசான எடையில், சுத்தமான நுட்பத்தோடு. மூளையும் நரம்பும் புதுசாக இருக்கும்போதுதான் நுட்பம் பதியும். அதற்குப் பிறகு ஸ்குவாட் போன்ற வலிமைப் பயிற்சி. கடைசிப் பத்து நிமிடம்தான் நாம் செயல்சார் பயிற்சி என்று சொல்லும் சுமத்தல், படியேறுதல், பிளாங்க் எல்லாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், களைத்துப்போன காலோடு ஒரு பிள்ளை ஸ்னாட்ச் செய்ய நேரும். முதுகு வளையும், கம்பி முன்னால் ஓடும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லணும். கடிகாரத்தை ஓடவிட்டு, "எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை" என்று ஸ்னாட்ச் செய்ய வைப்பது இப்போது ஒரு மோகம். பெரியவர்கள் அவர்கள் விருப்பப்படி செய்யட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு. களைப்பில் செய்ய வேண்டிய பயிற்சி என்றால், களைத்தாலும் ஆபத்தில்லாத அசைவாக இருக்க வேண்டும். வாளி தூக்கி நடக்கிற பையனுக்குக் கை ஓய்ந்தால் வாளியைக் கீழே வைத்துவிடுவான். தலைக்கு மேல் கம்பி இருக்கும்போது அப்படி வைக்க முடியாது.

சர்க்கிட் வகுப்பை ஏன் நிறுத்தினோம் என்று அந்த மாணவியே கேட்டாள். நியாயமான கேள்விதான். 1980-இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மூன்று குழுக்களைப் பத்து வாரம் பயிற்சி செய்ய வைத்தார். ஒன்று வலிமைக்கு மட்டும், ஒன்று தாங்குதிறனுக்கு மட்டும், மற்றொன்று இரண்டையும் சேர்த்து. இரண்டையும் செய்தவர்களின் கால் வலிமை முதலில் நன்றாகவே ஏறியது. ஏழாவது, எட்டாவது வாரத்தில் நின்றது. கடைசி இரண்டு வாரத்தில் இறங்கவே தொடங்கியது. அது மிகக் கடுமையான பயிற்சி. நம் பத்து நிமிடத்தோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் இரண்டு பக்கமும் அளவில்லாமல் இழுத்தால் எந்தப் பக்கம் அறும் என்று அது சொல்கிறது. மூச்சுப் பயிற்சி தேவைதான். போட்டியில் அடுத்தடுத்து இரண்டு முயற்சி தானே செய்ய நேர்ந்தால் இடையில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் மூச்சு திரும்பி வரணும். அந்த அளவுக்கு இருந்தால் போதும்.

எந்தக் குறைக்கு எந்தப் பயிற்சி? கம்பி தரையைவிட்டுக் கிளம்பும்போதே இடுப்பு முதலில் எகிறி முதுகு வளைந்தால், டெட்லிஃப்ட்டும் மெதுவான இழுப்பும் கொடுங்கள். கூடவே இரண்டு கையிலும் சுமை தூக்கி 20 மீட்டர் நடை, நாலு முறை. பத்து லிட்டர் தண்ணீர் பத்து கிலோ, எனவே தண்ணீர்க் கலனே போதும். அறிவியல் ஆசிரியர் சந்தோஷப்படுவார். ஜெர்க்கில் கால் பிரித்து இறங்கும்போது தள்ளாடினால் ஒற்றைக் கால் பயிற்சிதான் மருந்து: லஞ்ச், பலகையில் ஏறி இறங்குதல். செகாக் சோதனைக்கு வைத்திருக்கிறோமே அந்தப் பலகை, அது வருடத்துக்கு இரண்டு நாள் தவிர மூலையில்தானே கிடக்கிறது? எடுத்துப் பயன்படுத்துங்கள். தலைக்கு மேல் கை மடங்கினால் புஷ் பிரஸ். பிளாங்க் எல்லாருக்கும்.

ஸ்னாட்ச்சில் கம்பி எப்போதும் முன்னால் விழுகிறது என்றால் உடனே தோளைக் குறை சொல்லாதீர்கள். குதிகால்களுக்கு அடியில் 2.5 கிலோ தட்டு ஆளுக்கொன்று வைத்து, குழாயோடு குந்தச் சொல்லுங்கள். நெஞ்சு நிமிர்ந்து ஒழுங்காக உட்கார்ந்தால் பிரச்சினை கணுக்காலில் இருக்கிறது. பளுதூக்கும் காலணிக்குக் குதிகால் உயரமாக இருப்பதன் காரணமும் அதுவேதான். தட்டு வைத்தும் கம்பி முன்னால் போனால் மேல்முதுகையும் தோளையும் பாருங்கள்.

செகாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பலகை ஏறி இறங்குவது, தண்டால், வயிற்றுத் தசை, உட்கார்ந்து முன்னால் எட்டுவது, இவற்றோடு உடல் பொருண்மைக் குறியீடு. நல்ல தொடக்கம். ஆனால் கால் வலிமையோ இழுக்கும் வலிமையோ அதில் நேரடியாகத் தெரியாது. செகாக்கில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளை ஸ்குவாட்டில் தடுமாறினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெற்றோர் கேட்கும் கேள்விக்கு வருவோம். எடை தூக்கினால் உயரம் நிற்குமா? தகுந்த மேற்பார்வையோடு, வயதுக்கேற்ற எடையில் செய்யும் வலிமைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாக ஆதாரம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனமே 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தினமும் சராசரி 60 நிமிட உடலியக்கமும், வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களும் வேண்டும் என்கிறது. எலும்பின் வளர்ச்சிப் பகுதியில் அடிபடுவது நடக்காத விஷயமல்ல. கவனிப்பாரில்லாமல் நுட்பம் தெரியாமல் உச்ச எடையைத் தூக்கிப் பார்க்கும் இடங்களில்தான் பெரும்பாலும் அது நடக்கிறது. பெற்றோரிடம் இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மாணவியின் அப்பாவை ஒரு சனிக்கிழமை கூடத்துக்கே வரச் சொன்னேன். மகள் கம்பியைப் போடுவதைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. தூக்குவதை அல்ல, போடுவதை.

ஆமாம், கம்பியைப் போடக் கற்றுக்கொடுப்பதுதான் முதல் பாடம். ஸ்னாட்ச்சில் கம்பி முன்னால் போனால் கையை நீட்டியபடியே முன்னால் தள்ளிவிட்டு நாம் பின்னால் விலக வேண்டும். பின்னால் போனால் கம்பியை விட்டுவிட்டு முன்னால் குதிக்க வேண்டும். கிளீனில் எழ முடியாவிட்டால் முழங்கையை இறக்கி, கம்பியை முன்னால் விட்டு, பின்னால் நகர வேண்டும். முழங்கை முழங்காலில் முட்டக் கூடாது. "எப்படியாவது காப்பாத்திடலாம்" என்று மடங்கிய கையோடு போராடும்போதுதான் முழங்கை போகிறது. வெறும் கம்பியில் இதை இருபது முறை பழக்கிய பிறகே எடை ஏற்றுங்கள். ரப்பர் தட்டு இல்லாத, சிமெண்டுத் தரை மட்டும் இருக்கிற பள்ளியில் தலைக்கு மேல் எடை தூக்க வைக்காதீர்கள். ஸ்குவாட், டெட்லிஃப்ட், சுமை நடை இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. காலையில் சிற்றுண்டிச் சாலையில் வாங்கிய ஒரு பொட்டலத்தோடு மாலை நாலு மணிக்குப் பயிற்சிக்கு வருகிற பிள்ளையிடம் வலிமையை எதிர்பார்க்க முடியாது. சோறு, முட்டை, பருப்பு, தெம்பே, மீன் போதும். பவுடர் டப்பா வேண்டாம். நம் வெயிலுக்குத் தண்ணீர் போத்தல் இல்லாமல் வருபவரைக் கூடத்துக்குள்ளேயே விடாதீர்கள். இளையவர்கள் எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

பன்னிரண்டு வாரம் முடிந்தபோது அந்த மாணவியின் ஃபிரன்ட் ஸ்குவாட் 58 கிலோ. கிளீன் அண்ட் ஜெர்க் 51. ஸ்னாட்ச் ஒரு கிலோதான் கூடியது. அவளுடைய கணுக்கால் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, அதற்கு இப்போது தனியாக வேலை நடக்கிறது. ஓட்டத்துக்குப் போகவில்லை.

நீங்கள் தொடங்கப் போகிறீர்கள் என்றால் கம்பி வாங்கக் காத்திருக்க வேண்டாம். இரும்புக் கடையில் ஒன்றரை மீட்டர் பிவிசி குழாய் ஆளுக்கொன்று வெட்டித் தரச் சொல்லுங்கள். முதல் நாலு வாரத்துக்கு அந்தக் குழாய், செகாக் பலகை, தண்ணீர்க் கலன் இவையே போதும். கூடவே ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. தேதி, எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை முறை, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய். ஐந்து கட்டம் போதும். மாணவரே எழுதட்டும், நீங்கள் சனிக்கிழமை கையெழுத்து மட்டும் போடுங்கள். தூக்கக் கட்டத்தில் தொடர்ந்து ஐந்து, ஐந்தரை என்று வந்தால் அந்த வாரம் எடை ஏற்ற வேண்டாம்.